டர்னர், மெஷினிஸ்ட், செட்டர்: தொழில் தெரிந்தவர்களை மேற்பார்க்கப் போகும் புது சூப்பர்வைசருக்கு முழு வழிகாட்டி

ஓசூரில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசராகப் போகிறவருக்கு முதலில் வரும் பயம் ஒன்றுதான். "இருபது வருஷமா லேத்துல நிக்கிறவருக்கு நான் என்னத்தச் சொல்றது?" டிப்ளமோ முடித்து, குவாலிட்டியில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு ஷாப்புக்கு வருபவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். நியாயமான பயம்தான். ஆனால் அவருடைய கைக்கு நீங்கள் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கைக்கு வேண்டிய டிராயிங், மெட்டீரியல், டூல், கேஜ், நேரம் எல்லாம் அவர் தேடிப் போவதற்கு முன்பே மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். நல்லது கெட்டதை ஆள் முகம் பார்க்காமல் அளவு பார்த்து முடிவு செய்ய வேண்டும். சூப்பர்வைசர் வேலையில் முக்கால்வாசி இவ்வளவுதான். மீதி கால்வாசி, மனிதர்களோடு பேசத் தெரிவது.

நம் பக்கத்து நிலைமையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் ஓசூரில் உட்கார்ந்த பிறகு, அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு ஷாப்புகள் ஊரைச் சுற்றி முளைத்தன. சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டையிலிருந்தும், தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். பொம்மசந்திராவில் ஒரு ஷாப் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறேன் என்றால் நல்ல செட்டர் (மெஷினை ஒரு ஜாபுக்குத் தயார் செய்து கொடுப்பவர்) அடுத்த வாரமே பஸ் ஏறிவிடுவார். அதனால் இங்கே மேற்பார்வை என்பது அதட்டி வேலை வாங்கும் சமாச்சாரம் கிடையாது.

படி 1: முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நோட்டு வாங்கி இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று ஆட்களுக்கு, ஒன்று மெஷின்களுக்கு.

ஐ.டி.ஐ.யில் டர்னரும் மெஷினிஸ்ட்டும் இரண்டு வருடப் படிப்பு. சான்றிதழில் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. நாலு தாடை சக்கில் (பீஸைப் பிடிக்கும் பாகம்) டயல் கேஜ் வைத்து 0.02 மில்லிமீட்டருக்குள் யார் சென்டர் பண்ணுவார்? யார் சாஃப்ட் ஜா (பீஸுக்கு ஏற்பக் கடைந்துகொள்ளும் மென்மையான தாடை) போர் பண்ணினால் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை? புரோகிராமில் ஒரு வரி மாற்ற யாருக்கு வரும், யார் மாற்றக் கூடாது? எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலைக் கையால் கிரைண்ட் பண்ணத் தெரிந்தவர் இன்னும் யார் இருக்கிறார்? ஒவ்வொரு வேலைக்கும் நேராக நாலு நிலையில் ஒன்றைக் குறியுங்கள்: கற்றுக்கொள்கிறார், கூட இருந்தால் செய்வார், தனியாகச் செய்வார், மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பார். வாகனப் பாகம் செய்பவர்களுக்கான தரச் சான்றான ஐ.ஏ.டி.எஃப். 16949 ஆடிட்டில் இந்த மாதிரி ஒரு அட்டவணையைக் கேட்பார்கள் என்பதற்காகப் பல ஷாப்புகளில் ஆபீஸில் உட்கார்ந்தே நிரப்பிவிடுகிறார்கள். அது சுவரில் தொங்குவதற்குத்தான் ஆகும். மெஷின் பக்கத்தில் நின்று பார்த்து நிரப்பியதுதான் உங்களுக்கு உதவும்.

மெஷின் பட்டியலுக்கு அதை ஓட்டுபவரிடமே கேளுங்கள். எந்த லேத் 150 மில்லிமீட்டர் நீளத்தில் டேப்பர் கொடுக்கிறது, எந்த வி.எம்.சி.யில் (செங்குத்து மில்லிங் மெஷின்) ஸ்பிண்டில் சூடான பிறகு ஆழம் மாறுகிறது, டூல்களை மாட்டும் எந்த டரட்டில் எந்த ஸ்டேஷன் ஒரு தடவை இடித்து அலைன்மென்ட் போயிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பல இடங்களில் அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை. நோட்டும் பேனாவுமாகப் போய், "அண்ணா, இந்த மெஷின்ல எதுக்கெல்லாம் கவனமா இருக்கணும்?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் கண் முன்னால் எழுதிக்கொள்ளுங்கள். மரியாதை அங்கேதான் ஆரம்பமாகிறது.

கூப்பிடும் முறையும் முக்கியம். வயதில் மூத்தவர் அண்ணா. சின்னவர் என்றாலும் பெயர் சொல்லி, வாங்க போங்க. நீங்கள் அதிகாரி என்பதற்காக அப்பா வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் மெஷினைப் பற்றியும் உங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். ஓசூர் ஷாப்பில் தெலுங்கும் கன்னடமும் சகஜம், இப்போது இந்தி பேசும் தம்பிகளும் நிறைய. பேச்சில் குழப்பம் வரக்கூடிய எதையும் எண்ணாக எழுதிக் காட்டுங்கள். 24.990 என்று ஜாப் கார்டில் எழுதினால் எல்லா மொழிக்காரருக்கும் ஒன்றுதான்.

படி 2: ஜாப் மெஷினுக்குப் போவதற்கு முந்தின நாள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். காலை ஷிஃப்டில் ஒரு மணி நேரம் மெஷின் நின்றதென்றால், பெரும்பாலும் ஆள் சோம்பேறி என்பதால் நிற்கவில்லை. இன்சர்ட்டுக்காக (டூலில் மாட்டும் வெட்டு முனைத் துண்டு) ஸ்டோர்ஸ் வாசலில் நின்றிருப்பார், இல்லை துளையைச் சரிபார்க்கும் பிளக் கேஜ் வேறு மெஷினில் இருந்திருக்கும். அதனால் நாளை ஓட வேண்டிய ஒவ்வொரு ஜாபுக்கும் இன்று மாலையே ஒரு டிரே தயாராக வேண்டும்.

டிராயிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். கடைசி ரிவிஷன் மட்டும்தான் ஷாப்பில் இருக்க வேண்டும். ஆப்ரேட்டரின் டிராயரைத் திறந்தால் எண்ணெய்க் கறை படிந்த பழைய ஜெராக்ஸ் கட்டாயம் ஒன்று இருக்கும். அவருக்குப் பழகிய தாள் என்பதால் அதைத்தான் பார்ப்பார். திட்டாமல் வாங்கிக்கொண்டு, புதியதை பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுங்கள்.

டாலரன்ஸை (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதை) எழுத்தாக விடாதீர்கள். 25 H7 என்று போட்டிருந்தால் ஜாப் கார்டில் 25.000 – 25.021 என்று எழுதுங்கள். 25 h6 ஷாஃப்ட் என்றால் 24.987 – 25.000. கூடவே எங்கே குறி வைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இன்சர்ட் தேயத் தேய வெளி விட்டம் பெரிதாகிக்கொண்டே போகும், போர் (உள் துளை) சின்னதாகிக்கொண்டே வரும். ஆகவே வெளி விட்டத்தை நடு அளவுக்குக் கொஞ்சம் கீழேயும், போரை நடு அளவுக்குக் கொஞ்சம் மேலேயும் வைத்து ஆரம்பித்தால், ஆஃப்செட்டைத் (டூலின் இடத்தைத் திருத்த கண்ட்ரோலில் போடும் எண்) தொடாமல் அதிகப் பீஸ் ஓடும். பழைய டர்னருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் சேர்ந்தவருக்குக் கார்டில் இருந்தால்தான் தெரியும்.

மெட்டீரியலில் கலப்படம் ஆவது சின்ன ஷாப்புகளின் பெரிய தலைவலி. இ.என். 8 பாரும் இ.என். 24 பாரும் (இரண்டும் வெவ்வேறு எஃகு வகை) பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பார் வந்தவுடன் ஒரு முனையில் நிற அடையாளம் அடித்து, பெயின்ட் இல்லாத முனையிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் மிச்சம் இருக்கும் துண்டிலும் அடையாளம் இருக்கும்.

இன்சர்ட் விஷயத்தில் ஸ்டோர்ஸ்காரர் நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு உதவி உங்களைக் கவிழ்க்கும். சி.என்.எம்.ஜி. 120408 இன்சர்ட் தீர்ந்துவிட்டது, "அதே மாதிரிதான் சார்" என்று 120404 கொடுப்பார். கடைசி இரண்டு எண்கள் மூக்கு ரேடியஸ், அதாவது வெட்டும் முனையின் வளைவு: 08 என்றால் 0.8 மில்லிமீட்டர், 04 என்றால் 0.4. ஃபீடின் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) வர்க்கத்தை எட்டு மடங்கு ரேடியஸால் வகுத்தால் மேற்பரப்பில் நிற்கும் கோட்டின் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். ஃபீட் 0.2 என்றால் 0.8 ரேடியஸில் சுமார் 6 மைக்ரான், 0.4 ரேடியஸில் 12-க்கும் மேல். அதே புரோகிராம், அதே ஆப்ரேட்டர், ஆனால் ஃபினிஷ் பாதியாகக் கெட்டுப்போகும். பிறகு "நேத்து நல்லா வந்துச்சே, இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்று அவரைக் கேட்பதில் அர்த்தமில்லை. டூல் லிஸ்டில் முழு எண்ணையும் எழுதி, மாற்று கொடுக்கும் முன் உங்களைக் கேட்க வேண்டும் என்று ஸ்டோர்ஸில் சொல்லி வையுங்கள்.

வேகம் போடுவதற்கு ஒரு கணக்கு கையில் இருக்கட்டும்: விட்டத்தை 3.14-ஆலும் ஆர்.பி.எம்.-ஆலும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று வரும். 50 மில்லிமீட்டர் பாரை 1000-இல் சுற்றினால் 157 மீட்டர். இ.என். 8-இல் கார்பைடுக்கு இது சாதாரணம். எச்.எஸ்.எஸ். டூலுக்கு முப்பது மீட்டர் சுற்றளவில்தான் இருக்க வேண்டும், அதாவது 200 ஆர்.பி.எம்.-க்குப் பக்கம்.

அப்புறம் கேஜ். டாலரன்ஸ் 0.021 இருக்கும் போரை 0.02 லீஸ்ட் கவுண்ட் வெர்னியரால் பார்க்கவே முடியாது. யார் அளந்தாலும் அது ஊகம்தான். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது பிரித்துக் காட்டும் கருவி வேண்டும் என்பது பொதுவான விதி. போர் டயல் கேஜ், அதைச் செட் பண்ண ரிங், காலிபரேஷன் தேதி தாண்டாத மைக்ரோமீட்டர் எல்லாம் டிரேயில் இருந்தால்தான் ஜாப் தயார்.

படி 3: யாருக்கு எந்த ஜாப்

இங்கே ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லாக் கஷ்டமான வேலையையும் ஒரே ஆளுக்குக் கொடுக்காதீர்கள். அவர் நன்றாகச் செய்கிறார் என்பதால் அவருக்கே தொடர்ந்து கொடுக்கத் தோன்றும். அவர் ஒரு வாரம் கல்யாணத்துக்குப் போனால் டெஸ்பாட்ச் நின்றுவிடும். மற்றவர்களுக்கும் கை வராது. கஷ்டமான செட்டிங்கை மூத்தவர் செய்யட்டும், பக்கத்தில் இரண்டாவது ஆள் நிற்கட்டும், அடுத்த லாட்டில் இரண்டாவது ஆள் செய்து மூத்தவர் பார்க்கட்டும். லேத் அண்ணாவுக்குப் புரோகிராம் வராது, சி.என்.சி. தம்பிக்கு டயல் வைக்கக் கை நடுங்கும். இருவரையும் ஒரே ஜாபில் போடுங்கள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது என்று நீங்கள் அறிவிக்க வேண்டாம், அது தானே நடக்கும்.

படி 4: முதல் பீஸ்

புது செட்டிங் என்றால் சிங்கிள் பிளாக்கில் (புரோகிராமை ஒவ்வொரு வரியாக), ரேபிடைக் (டூல் வெட்டாமல் வேகமாக நகர்வதை) குறைத்து வைத்து, கை ஃபீட் ஹோல்டில் (டூலை நிறுத்தும் பொத்தானில்) இருக்க ஓட்ட வேண்டும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதில் விதிவிலக்கு கொடுக்காதீர்கள். முதல் பீஸை முதலில் அளக்க வேண்டியவர் ஆப்ரேட்டர். அவர் எல்லா அளவையும் எழுதிய பிறகு, இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைப் பார்க்காமல் தனியாக அளக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பீஸ் சரியா என்பதோடு, இருவர் கையும் கேஜும் ஒத்துப்போகிறதா என்பதும் தெரியும். ஒத்துப்போகவில்லை என்றால் லாட்டை ஓட விடாதீர்கள். பீஸ் நல்ல பீஸாக இருந்தாலும் சரி.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷாப்பில் நடக்கும் பாதிச் சண்டைக்கு இதுதான் காரணம். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 11 முதல் 12 மைக்ரான் நீளும். 60 மில்லிமீட்டர் ஷாஃப்ட், h6 டாலரன்ஸ், அதாவது 59.981 முதல் 60.000 வரை. லேத்திலிருந்து எடுத்தவுடன் பீஸ் 50 டிகிரியில் இருக்கிறது, ஷாப் 28 டிகிரி. ஆப்ரேட்டர் கையில் சுடச்சுட அளக்கிறார். 59.990 காட்டுகிறது, நட்ட நடுவில், அருமை. பீஸ் ஆறியதும் 15 மைக்ரான் சுருங்கி 59.975-இல் போய் நிற்கும், கீழ் அளவுக்கும் கீழே. மத்தியானம் இன்ஸ்பெக்ஷனில் ரிஜெக்ட் ஆகும். "நான் அளந்தப்போ சரியாத்தான் இருந்துச்சு" என்று அவர் சொல்வார், அது உண்மை. இன்ஸ்பெக்டர் சொல்வதும் உண்மை. அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி. நம் ஷாப்பில் அது கிடைக்காது, பரவாயில்லை. பீஸும் கேஜும் கேஜைச் செட் பண்ணும் மாஸ்டரும் ஒரே சூட்டில் இருந்தால் எஃகு பீஸுக்குப் பெரும்பாலும் போதும். அலுமினியம் எஃகைவிட இரண்டு மடங்கு நீளும், அதற்கு இன்னும் கவனம் வேண்டும். மெஷின் பக்கத்தில் ஒரு கிரானைட் பலகையோ கனமான இரும்புத் தட்டோ போட்டு, அளக்கும் முன் பீஸை அதன் மேல் ஆற வைக்கச் சொல்லுங்கள்.

ஓசூரில் காலை குளிராக இருந்து மத்தியானம் ஏறும் நாட்களில் மெஷினும் நகரும். ஷிஃப்ட் ஆரம்பத்தில் பதினைந்து இருபது நிமிடம் ஸ்பிண்டிலைச் சும்மா ஓட விட்டு, அதற்குப் பிறகு டைட்டான அளவை எடுக்கட்டும். இந்த நேரத்தை உற்பத்திக் கணக்கில் நஷ்டமாகக் காட்டாதீர்கள். காட்டினால் அதைச் செய்யாமல் விட்டுவிடுவார்கள்.

படி 5: ஆஃப்செட்டை யார் தொடலாம்

சி.என்.சி. மெஷினின் ஃபானுக் கண்ட்ரோலில் இன்புட் என்று ஒரு கீ, பிளஸ் இன்புட் என்று ஒரு கீ இருக்கிறது. முதலாவது, இருக்கும் எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணைப் போடும். இரண்டாவது, இருப்பதோடு கூட்டும். போர் ஓடிக்கொண்டிருக்கிறது, வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்தம்) மைனஸ் 0.12 இருக்கிறது, போர் 0.03 பெரிதாக வருகிறது. இன்னும் மைனஸ் 0.03 கொடுத்து மைனஸ் 0.15 ஆக்க வேண்டும். அவசரத்தில் மைனஸ் 0.03 அடித்து இன்புட்டைத் தட்டினால், டூல் 0.09 வெளியே போய் அடுத்த பீஸ் இன்னும் பெரிதாகிவிடும். போர் பெரிதானால் சேர்க்க முடியாது, ஸ்கிராப்தான். புள்ளி வைக்காமல் அடித்தால் பல கண்ட்ரோல்கள் அதை மைக்ரானாக எடுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு கண்ணி.

அதனால் ஒரு விதி வையுங்கள். 0.05 வரை ஆப்ரேட்டரே மாற்றலாம், அதற்கு மேல் செட்டர் வர வேண்டும். மாற்றியது எதுவானாலும் நேரம், டூல் எண், பழைய எண், புது எண் நாலையும் மெஷினில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். மாற்றிய பிறகு அடுத்த பீஸைக் கட்டாயம் அளக்க வேண்டும். அந்தத் தாளை வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஒரே டூலுக்கு அடிக்கடி ஆஃப்செட் போயிருந்தால் கோளாறு ஆப்ரேட்டரிடம் இல்லை. இன்சர்ட் கிரேடிலோ, கிளாம்பிங்கிலோ, பால் ஸ்க்ரூவிலோ இருக்கிறது.

படி 6: சுற்றி வருவது

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லா மெஷினையும் சுற்றி வாருங்கள். ஆள் நிற்கிறாரா என்று பார்க்கப் போகாதீர்கள். சிப்பைப் (வெட்டி விழும் உலோகச் சுருளை) பாருங்கள். நீளமாகச் சுருண்டு பீஸைச் சுற்றினால் ஃபீடோ வெட்டும் ஆழமோ அந்த இன்சர்ட்டின் சிப் பிரேக்கருக்குப் போதவில்லை. எச்.எஸ்.எஸ். டூலில் நீலச் சிப் வந்தால் வேகம் அதிகம், கார்பைடில் கூலன்ட் இல்லாமல் ஓடும்போது நீலம் சகஜம். சத்தத்தைக் கேளுங்கள். ஊளையிட்டால் டூல் அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இல்லை சக் பிடி போதாது. ஓரத்தில் பிசிறு கூடினால் இன்சர்ட் முனை போய்விட்டது.

கூலன்ட்டை ரிஃப்ராக்டோமீட்டரால் வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். வரும் எண்ணை எண்ணெய்க் கம்பெனி சொல்லும் காரணியால் பெருக்கினால்தான் உண்மையான சதவிகிதம். கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் பிரிந்துவிடும். போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் நல்ல எண்ணெயும் திரியும். திங்கட்கிழமை காலை டேங்க் நாற்றமடித்தால் கிருமி பெருகியிருக்கிறது, அதில் கை வைப்பவருக்குத் தோல் அரிப்பு வரும். ஆப்ரேட்டர் கை சிவந்திருக்கிறது என்றால் அதை அவர் புகாராகச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

கரன்ட் போய் வந்தால் ஒரு ஒழுங்கு வேண்டும். டூலைக் கையால் வெளியே எடுத்து, மெஷினை ரெஃபரன்ஸ் பண்ணி (தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய்), வெட்டும் நடுவில் நின்ற பீஸைத் தனியாக எடுத்து வைத்து, அடுத்த பீஸை முதல் பீஸ் மாதிரியே அளக்க வேண்டும்.

படி 7: ரிஜெக்ஷன் வந்தால் பேசுவது

கெட்ட பீஸை மறைக்கும் ஷாப்பில் சூப்பர்வைசருக்கு எதுவும் தெரியாது. கஸ்டமர் போன் பண்ணும்போதுதான் தெரியும். பீஸைச் சிப் தொட்டியில் போட்டு மூடுகிறார்கள் என்றால், முன்பு யாரோ ஒருவர் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். கெட்ட பீஸுக்கான சிவப்பு டிரேயில் தானே வந்து போட்டவரை அன்றைக்கு ஒரு வார்த்தை கடிந்து பேசக் கூடாது. அவர் செய்தது ஷாப்புக்கு நல்லது.

பேச்சு மெஷின் பக்கத்தில், பீஸும் கேஜும் கையில் இருக்க, மற்றவர்கள் காதில் விழாமல் நடக்க வேண்டும். கேஜை அவரிடமே கொடுங்கள்.

"அண்ணா, இதை நீங்களே ஒரு தடவை பாருங்க."

"பாயிண்ட் நாட் த்ரீ கூட இருக்கு."

"எங்கேர்ந்து ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறீங்க?"

"டீக்குப் போயிட்டு வந்து இன்சர்ட் திருப்பினேன். அதுக்கப்புறம்தான் இருக்கும்."

இப்போது எத்தனை பீஸைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. "யார் ஓட்டினது?" என்று ஆரம்பித்திருந்தால் இது கிடைத்திருக்காது. காரணம் கிடைத்ததும் அடுத்த முறை தடுக்க என்ன என்று அவரிடமே கேளுங்கள். இன்சர்ட் திருப்பினால் அடுத்த பீஸை அளக்க வேண்டும் என்பது விதியாக இருக்கும், ஆனால் டார்கெட் நெருக்கியதால் விட்டிருப்பார். அப்படியானால் நீங்கள் போட்ட டார்கெட்டையும் பார்க்க வேண்டும். அளக்கும் நேரத்தைச் சேர்க்காமல் சைக்கிள் நேரத்தை மட்டும் வைத்து மணிக்கு இத்தனை பீஸ் என்று போட்டால், அளக்காமல் ஓட்டச் சொல்கிறீர்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். இன்சென்டிவ் கொடுத்தால் நல்ல பீஸுக்கு மட்டும் கொடுங்கள்.

ஒரே தவறை ஒருவர் வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்தால் அது வேறு கதை. எழுத்தில், தேதியோடு, அவருக்குப் புரியும் மொழியில் எச்சரிக்கை கொடுங்கள். அங்கே தயங்கினால் நன்றாகச் செய்கிற மற்றவர்களுக்கு அநியாயம்.

படி 8: ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடம்

இரண்டு ஆப்ரேட்டரும் மெஷின் முன்னால் நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனி பஸ் கிளம்பும் அவசரத்தில் இது நடப்பதில்லை. பஸ் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைக்க நிர்வாகத்திடம் பேசுங்கள். கடைசி பீஸின் அளவு, எந்த இன்சர்ட் முனையில் எத்தனை பீஸ் ஓடியிருக்கிறது, மெஷினில் ஏதாவது புதுச் சத்தம் என்ற மூன்றும் சொல்லப்பட்டால் போதும்.

படி 9: பேரம் பேசக் கூடாத விஷயங்கள்

சுற்றும் மெஷினில் கையுறை கூடாது. சக் சாவியை சக்கில் விட்டுக் கையை எடுக்கக் கூடாது. சுற்றும் பீஸில் எமரித் தாளை விரலில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. சிப்பைக் கொக்கியால்தான் இழுக்க வேண்டும். ஏர் ஹோஸை உடம்பில் அடித்துத் தூசி தட்டக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மெஷின் பக்கம் வரக் கூடாது, முதலாளி வந்தாலும் சரி. சி.என்.சி. கதவு ஸ்விட்சை ஏமாற்றி, கதவைத் திறந்து வைத்து ஓட்டுவதைப் பார்த்தால் அந்த நிமிடமே மெஷினை நிறுத்துங்கள். சைக்கிளில் சில வினாடி மிச்சம் என்பதற்காக சூப்பர்வைசரே கண்டுகொள்ளாமல் விடும் ஷாப்புகள் இருக்கின்றன. அங்கே ஒருவர் விரலோ கண்ணோ போனால் அதற்குப் பொறுப்பு அந்த சூப்பர்வைசர்தான்.

மோதிரம், கைக்கடிகாரம் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுவார்கள். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு அப்படி இல்லை. அறுக்கச் சொல்லாதீர்கள். புஜத்தில், சட்டைக் கைக்குள் மாற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடும் சாமிகள் செருப்பு போட மாட்டார்கள், சிப்பும் எண்ணெயும் கிடக்கும் தரையில் வெறுங்காலோடு விடவும் முடியாது. ஐப்பசியிலேயே யார் யார் மாலை போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோல் இல்லாத சேஃப்டி ஷூ போட ஒத்துக்கொள்கிறவர் மெஷினில் இருக்கலாம், மாலை சட்டைக்கு உள்ளே இருக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாதவருக்கு மெஷின் ஓடாத இன்ஸ்பெக்ஷன் அறை, புரோகிராம், டாகுமென்ட் வேலை என்று அந்த மண்டல விரத நாட்களுக்கு மாற்று வைத்திருங்கள். முன்கூட்டியே பேசினால் இது பிரச்சினையே ஆகாது.

படி 10: இருக்கிறவர்களைத் தக்கவைப்பது

வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அது ஓவர்டைம், இரட்டிப்புக் கூலி சட்டப்படி உரிமை. கணக்கு ஒழுங்காக வருகிறதா என்று நீங்களும் பாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் கையில் மைக்ரான் வேலை கொடுப்பது பீஸுக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து.

1961 அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் பையன்களையும் பெண்களையும் பிசிறு எடுக்கவும் பெருக்கவும் மட்டும் வைத்து ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள். முதல் மாதம் முழுக்க அளக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஒரே பத்துப் பீஸைத் தினமும் அளந்து எழுதி, மூத்தவர் எழுதியதோடு ஒப்பிடட்டும். அப்புறம் டூல் மாற்றுவது, அப்புறம் செட்டிங்கில் கூட நிற்பது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் கழுவித் துடைக்கும்போது, ஸ்லைடு எண்ணெய் வருகிறதா, லெவல் சரியா, பேக்லாஷ் (திருகில் உள்ள தளர்வு) எவ்வளவு என்று மூத்தவர்களோடு சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மெஷின் நிற்கும் நாள் வருடத்தில் அபூர்வம்.

சம்பளம் உங்கள் கையில் இல்லை. ஆனால் யார் எத்தனை புது செட்டிங் செய்தார், யார் மெஷினில் ரிஜெக்ஷன் குறைந்தது, யார் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்ற குறிப்பு உங்கள் நோட்டில் இருக்கும். இன்கிரிமென்ட் பேசும் மாதத்துக்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போங்கள். ராஜினாமா கடிதம் வந்த பிறகு கூட்டிக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயைப் பார்த்து, மற்ற எல்லோரும் கடிதம் எழுதக் கற்றுக்கொள்வார்கள்.

அப்படியும் ஒருவர் பொம்மசந்திராவுக்கோ ஜிகணிக்கோ கிளம்பினால், நோட்டீஸ் காலத்தில் அவரை உற்பத்தியிலிருந்து பாதி நேரம் விடுவியுங்கள். அவருடைய ஒவ்வொரு ஜாபுக்கும் புரோகிராம் டிராயிங் எண்ணோடும் ரிவிஷனோடும் சேமிக்கப்பட்டிருக்கிறதா, டூல் லிஸ்ட் இருக்கிறதா, சாஃப்ட் ஜா எங்கே வைத்திருக்கிறார், செட்டிங்கின் போட்டோ இருக்கிறதா என்று இரண்டாவது ஆளோடு உட்கார்ந்து முடிக்கட்டும். செட்டில்மென்ட் பணம் தள்ளிப்போகாமல் கிடைக்க ஆபீஸில் நீங்களே போய் நில்லுங்கள். தினமும் பஸ்ஸில் போய் வந்து அலுத்து, சில மாதத்தில் திரும்பி வரலாமா என்று கேட்கிறவர்கள் ஓசூரில் உண்டு. கேட்டால், இடம் இருக்கும்போது அன்றைக்கே சரி என்று சொல்லுங்கள்.